சக்கரக் கப்பல் மேல் முத்தையா மாமா

கடலுக்கு நடுவில் ஓர் இரும்புச் சக்கரம் நிற்கிறது. பார்ப்பதற்கு வண்டிச் சக்கரம் போலத்தான் இருக்கும். ஆனால் ஓட்டு வீட்டின் முகட்டுக்கு மேல் உயரம். கீழ்ப்பாதி தண்ணீருக்குள். மேல்பாதியில், ஆரக்கால்களுக்கு இடையே, ஒரு மனிதர் குந்தியிருக்கிறார். சக்கரத்தின் உச்சியில் ஒரு சிவப்புத் துண்டு காற்றில் படபடக்கிறது.

பிள்ளைகளே, அந்த மனிதர் உங்கள் முத்தையா மாமா. கரையில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டவன் உங்கள் அப்பா.

நல்ல வெயில். வானத்தில் ஒரு பஞ்சுப் பொட்டு மேகம்கூட இல்லை. ஆனாலும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. மழை இல்லாமல் தண்ணீர் ஏறுவதை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

நான் லாரி ஓட்டக் கற்ற கதையைப் போன வாரங்களில் எழுதியிருந்தேன். இது அந்த லாரியில் கருவாட்டு லோடு எடுக்கப் போன ஒரு நாளின் கதை.

மாடு எங்கே?

முத்தையா மாமாவுக்கு எம்.ரெட்டியபட்டியில் வண்டிப் பட்டறை. சக்கரம் செய்வதும், சக்கரத்துக்கு இரும்புப் பட்டா பூட்டுவதும் வேலை. வேலை என்று சொன்னால் போதாது, பித்து. சந்தையில் மாடு பிடிக்கப் போனால் மாட்டைப் பார்க்க மாட்டார். அவிழ்த்துவிட்ட வண்டிகளின் அடியில் குனிந்து சக்கரம் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய கல்யாண ஊர்வலத்திலேயே இறங்கி, தான் ஏறிவந்த வில்வண்டியின் அச்சாணியை ஆட்டிப் பார்த்தவர் என்று உங்கள் அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் காலத்தில் நான் பருத்தி லோடு இறக்கிவிட்டு, திரும்பும்போது சாயல்குடி தாண்டி ஒரு கடலோரக் கிராமத்தில் கருவாடு ஏற்றி வருவேன். அங்கேதான் அந்தச் சக்கரத்தை முதலில் பார்த்தேன். வந்து இவரிடம் சொன்னேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"கடலுக்குள்ள சக்கரத்துக்கு என்ன வேல மாப்ள? ரோடா போட்டிருக்கு?"

"பழைய நீராவிக் கப்பல் மச்சான். ரெண்டு விலாவிலயும் ரெண்டு சக்கரம். அது சுத்திச் சுத்தித் தண்ணியத் தள்ள, கப்பல் போகுமாம்."

அவர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார்.

"வண்டியில சக்கரம் சும்மாதான் உருளும். இழுக்கிறது மாடு. இதுல மாடு எது?"

"நெருப்புத்தான் மாடு."

அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதே பேச்சு. அந்த ஆரக்கால் சக்கரத்தின் நடுக் குடத்தில் எப்படி இறங்கியிருக்கிறது, தண்ணீரை அடிக்கிற பலகை எப்படிப் பூட்டியிருக்கிறது, வளையம் ஒரே இரும்பா, ஒட்டா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். லாரி ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?

கம்மல் வாங்க வந்தவர்

பெரியவள் தனத்துக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். திருச்சுழிப் பக்கம் எங்கள் குலசாமி கோவிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். கம்மலும் தாய்மாமன்தான் கொண்டுவர வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அண்ணன் தம்பி என்று இருந்தது முத்தையா மாமா ஒருத்தர்தான்.

காதுகுத்துக்கு இரண்டு நாள் முன்னால், கம்மல் வாங்க அருப்புக்கோட்டை வந்தார் மாமா. ஆசாரியிடம் வாங்கி, பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டு எங்கள் வீட்டில் தங்கினார். மறுநாள் விடிகாலையில் நான் லாரியைக் கிளப்பினேன். முன்சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு வேணாம் மச்சான். அடுத்த நடைக்குப் பாக்கலாம்."

"எட்டிப் பாத்துட்டு ஓடியாந்துருவோம். சாயங்காலம் வீட்டுல இருப்போம்ல."

உங்கள் அம்மா புளிச்சோறு கிண்டி ஒரு தூக்குச்சட்டியில் போட்டுத் தந்தாள். தந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எங்க அண்ணனக் கூட்டிட்டுப் போறீக. அப்படியே கொண்டாந்து விட்டுருங்க. நாளைக்கு எனக்கு அந்த மடி வேணும்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அந்தப் பகல் முழுக்க அந்த வார்த்தைதான் என்னைப் போட்டு அறுத்தது.

முழங்காலுக்குக் கீழே

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் வற்றிக் கிடந்தது. கரையிலிருந்து கப்பல் வரைக்கும் கல்லும் பாசியுமாக ஒரு மேடு, நாக்கு நீட்டினதுபோல் கிடக்கும். அதை அங்கே 'பார்' என்பார்கள். அதன்மேல் கெண்டைக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. பெண்கள் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, கப்பலடி வரை நடந்து போய்ச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கப்பல் என்று பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். விலா எலும்புகள் மாதிரி வளைந்த இரும்புகள், கவிழ்ந்த அண்டா மாதிரி ஒரு பாய்லர், இந்தப் பக்கம் ஒரு சக்கரம். அந்தப் பக்கத்துச் சக்கரம் ஏற்கெனவே சாய்ந்து மணலுக்குள் போய்விட்டது. மீதி அவ்வளவுதான்.

"நம்ம கம்மா மாதிரிதான இருக்கு," என்றார் மாமா. "இதுக்கா கடலு கடலுங்கிறாக?"

வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். தூக்குச்சட்டியைக் கையில் எடுத்தார்.

"நீ லோடு ஏத்து மாப்ள. நான் பாத்துட்டு வாரேன்."

நான் கருவாட்டு மூட்டைகளை எண்ணி ஏற்றுவதில் மும்முரமாகிவிட்டேன். இடையில் இரண்டொரு தடவை திரும்பிப் பார்த்தபோது, சக்கரத்தின் குடத்தோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றார். இரும்போடு ஏதோ பேசுவதுபோல் இருந்தது. கயிறு போட்டு இறுக்கி முடித்துவிட்டுக் கடைசியாகத் திரும்பினேன்.

பாரைக் காணோம். சிப்பி பொறுக்கிய பெண்களும் கரையேறிப் போயிருந்தார்கள். நடந்துபோன பாதை முழுக்கப் பச்சைத் தண்ணீர். அந்த ஓரத்தில் சக்கரம். சக்கரத்தின் மேலே மாமா.

எங்கள் ஊர்த் தண்ணீர்

நீங்கள் டவுனில் வளர்ந்தவர்கள். குழாயைத் திருகினால் வரும், திருகினால் நிற்கும் என்று தண்ணீரை நினைத்திருப்பீர்கள். எங்களுக்குத் தண்ணீர் வேறு மாதிரி.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கண்மாய் பெருகும். பெருகினால் பெருகினதுதான். பிறகு மடை திறந்து, பயிர் குடித்து, மாடு குடித்து, வெயில் குடித்து, மெல்ல மெல்ல இறங்கும். தை, மாசி ஆகும் தரை தெரிய. குண்டாற்றில் வெள்ளம் வந்தால் இந்தக் கரை ஆள் இந்தக் கரை, அந்தக் கரை ஆள் அந்தக் கரை. தண்ணீர் ஏறினால் ஒரு பருவம். இறங்கினால் ஒரு பருவம். காலையில் இறங்கி மத்தியானம் ஏறுகிற தண்ணீரை எங்கள் சீமையில் யாரும் கண்டதில்லை.

அதனால் என் கணக்கு இப்படி ஓடியது. கடல் பெருகிவிட்டது. இனி எப்போது வற்றுமோ? கிணற்றில் குதித்து நீந்துவோம் நானும் அவரும். ஆனால் கிணறு அலை அடிக்காது.

சவேரியம்மாள்

நான் கருவாடு வாங்குவது சவேரியம்மாளிடம். நடுத்தர வயது. தலையில் துண்டு கட்டிக்கொண்டு, மணலில் மீனைப் பரப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். கையை மட்டும் கடல் பக்கம் நீட்டினேன்.

"யாரு டிரைவரு அது? உங்கூட வந்தவரா? ஏத்தம் வரும்னு தெரியாதா அவருக்கு?"

"எனக்கே தெரியாதுக்கா. மழையே இல்ல, எப்படிக்கா ஏறுச்சு?"

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கையிலிருந்த மீன் கீழே விழுந்தது.

"ஏறுற நேரம், ஏறிருக்கு. சாயங்காலம் வத்திரும். உக்காரு."

"எந்த மாசத்துச் சாயங்காலம்?"

"இன்னிக்குச் சாயங்காலம்யா. தினமும் இதுதான் அதுக்கு வேல."

நான் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். படகு கேட்டேன். படகெல்லாம் மீனுக்குப் போயிருக்கிறது என்றார். இருந்தாலும் ஏற்றத்தில் அந்தப் பார் பக்கம் கொண்டுபோக மாட்டார்களாம், கல்லில் அடித்துச் சில்லுச் சில்லாகிவிடும் என்றார். "அந்தக் கப்பலே அப்படித்தானப்பா போச்சு."

அதற்குள் கச்சான் காற்று எழும்பிவிட்டது. மேற்கிலிருந்து மணலை வாரி அடித்தது. ஒரு பெரிய அலை போய்ச் சக்கரத்தில் மோதி, நுரை உச்சி வரைக்கும் பொங்கியது. மாமாவைக் காணவில்லை.

சவேரியம்மாளின் சிரிப்பும் நின்றுவிட்டது. நெற்றியில் தொடங்கிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

நுரை வடிந்தது. கருப்பாக ஒரு உருவம், ஆரக்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு இருந்தது.

"பிடிய விட்டுராம இருந்தாப் போதும்," என்று மெதுவாகச் சொன்னார். "பிடிதான் வேணும். வேற ஒண்ணும் வேணாம்."

கொஞ்ச நேரத்தில் உச்சியில் அந்தச் சிவப்புத் துண்டு ஏறியது. என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, என் சட்டையைக் கழற்றி நானும் வீசினேன். அவர் திரும்பி வீசவில்லை.

கப்பல் வந்து உட்கார்ந்த கதை

நான் தண்ணீரில் இறங்கிவிடுவேனோ என்று சவேரியம்மாளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். வரக்காப்பி போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அந்தக் கப்பலின் கதையைச் சொன்னார். பாதி காதில் விழுந்தது, பாதி விழவில்லை. பின்னாளில் பல நடை போய்க் கேட்டுச் சேர்த்துக்கொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்துக் கப்பல் அது. பெயர் என்னவென்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. சக்கரக் கப்பல், அவ்வளவுதான். வயிற்றுக்குள் நம் கரிசக்காட்டுப் பருத்திப் பொதி. மேல்தட்டில் ஜனங்கள். மழை பொய்த்த ஒரு வருஷம், இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் புறப்பட்ட ஜனங்கள். பெட்டியும் சட்டியும் பிள்ளைகளுமாக.

காற்றுக் காலத்தில் தடம் மாறி, ஏற்றத்தில் வந்து பாரில் ஏறி உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த பிறகும் சக்கரம் நிற்கவில்லையாம். கல்லை அடித்து அடித்து, பலகைகள் தெறித்து, பிறகுதான் நின்றதாம். அந்தச் சத்தம் ஊருக்குள் கேட்டதாகச் சொன்னார்கள்.

"எத்தன பேருக்கா செத்தாக?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சாகல."

"ஒருத்தர்கூடவா?"

"தண்ணி வத்துச்சு. எங்க ஆளுக நடந்துபோயி, இறங்கி வாங்கன்னு கூப்பிட்டிருக்காக. வெள்ளைக்காரன் இறங்கிட்டான். கப்பல்காரன் எல்லாம் இறங்கிட்டான். உங்க ஊரு ஆளுக மட்டும் இறங்க மாட்டோம்னுட்டாகளாம். அம்புட்டுப் பேரும் இந்தச் சக்கரத்த மூடியிருந்த கூண்டு மேல ஏறிக்கிட்டு, கடலு வத்தாது, எங்களை ஏமாத்துறீகன்னு ஒரே அழுகை. கடைசில பிள்ளைகுட்டியத் தூக்கித் தோள்ல வச்சுக் கொண்டாந்திருக்காக."

எனக்கு முதல்முறையாக மூச்சு கொஞ்சம் இறங்கியது. அந்த ஜனங்கள் பிறகு இலங்கைக்குப் போகவில்லையாம். கடலே வேண்டாம் என்று சாயல்குடி வழியாக நடந்தே ஊர் திரும்பிவிட்டார்களாம். அவர்களில் எங்கள் ஊர்க்காரர் யார் யாரோ.

பருத்திப் பொதிகள் உடைந்து கரை முழுக்க ஒதுங்கின. உப்புத் தண்ணீரில் ஊறிய பருத்தி நூலுக்கு ஆகாது. ஊரே அலசிக் காயவைத்து மெத்தையும் தலையணையும் அடைத்துக்கொண்டது. பித்தளையும் செம்பும் வெகுநாளைக்கு முன்பே போய்விட்டன. தேக்குப் பலகை வாசல் நிலையாக மாறியது. கப்பல் மணி கோவிலுக்குப் போனது. இரும்பைக் கடல் தின்றது.

"தின்னு மிச்சம் வச்சது நல்லதாப் போச்சு," என்றார் சவேரியம்மாள், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே.

நிக்கிறியா, மிதக்கிறியா

வெயில் மஞ்சளாகும்போது சவேரியம்மாளின் வீட்டுக்காரர் அந்தோணி மீனோடு வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். கடலை ஒரு தடவை பார்த்தார். பாரின் கற்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலை காட்டத் தொடங்கியிருந்தன. எனக்கு அதைப் பார்த்தும் நம்பத் தைரியம் வரவில்லை.

"வா, போயி உங்க ஆளக் கூட்டியாருவோம்," என்றார். படகை எடுக்கவில்லை. நடந்தார்.

அவர் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். முதலில் கணுக்கால். பிறகு முழங்கால். நடுவில் ஒரு பள்ளத்தில் இடுப்பு வரை வந்தது. நான் சாமிகளின் பெயரை எல்லாம் சொன்னேன். மறுபடி தொடை. அந்தத் தொடையளவுத் தண்ணீரிலேயே சக்கரத்தின் அடிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மாமா மேலேயிருந்து கத்தினார்.

"மாப்ள, வராத. ஆழம்."

"நிக்கிறேன் மச்சான். எனக்குத் தொடையளவுதான் இருக்கு."

"நிக்கிறியா, மிதக்கிறியா?"

"நிக்கிறேன்."

"பொய் சொல்லாத. கையத் தூக்கு."

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அந்தோணியைக் கைகாட்டி, "அவரையும் தூக்கச் சொல்லு," என்றார். அந்தோணியும் தூக்கினார். கடலுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேரும் போலீஸ்காரனிடம் அகப்பட்டவர்களைப்போல் நின்றோம்.

"இறங்குங்க அண்ணாச்சி, ராத்திரி மறுபடி ஏறிரும்," என்றார் அந்தோணி.

மாமா இறங்கவில்லை. திரும்பி, மேலே ஏறத் தொடங்கினார்.

"எங்க மச்சான் போறீக?"

உச்சிக்குப் போய், அந்தச் சிவப்புத் துண்டை அவிழ்த்தார். அதன் ஒரு முனையில் சின்ன முடிச்சு. முடிச்சுக்குள் தனத்தின் கம்மல்.

பிறகுதான் சொன்னார். தண்ணீர் இடுப்பைத் தொட்டபோது, மடியில் இருந்தால் தன்னோடு போய்விடும் என்று பட்டிருக்கிறது. ஆள் போனாலும் கம்மல் போகக்கூடாது, கண்ணில் படுகிற நிறமாக உயரத்தில் இருந்தால் யாராவது எடுத்துப் பிள்ளையிடம் சேர்ப்பார்கள் என்று அங்கே கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார். நான் கரையில் நின்று சட்டையை வீசியதை அவர் பார்க்கவே இல்லை.

இறங்கினார். கால் தரையில் பட்டதும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை இரண்டும் சக்கரத்தில் ஒட்டியிருந்த சிப்பி கிழித்துக் கோடு கோடாக இருந்தன. மற்றொரு கையிடுக்கில் தூக்குச்சட்டி. மூடியைத் திறந்து பார்த்தேன். முக்கால்வாசிச் சோறு அப்படியே இருந்தது.

"பசிக்கலையா மச்சான்?"

"பசிச்சுச்சு. தை மாசம் வரைக்கும் வச்சுச் சாப்பிடணும்ல."

அந்தோணி சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற கொக்குகள் பறந்துவிட்டன. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. உப்புத் தண்ணீர்தானே சுற்றிலும், யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சக்கரம் பிறகு

பின்னால் எத்தனையோ நடை போனேன். ஒரு பெரும்புயலுக்குப் பிறகு பாய்லர் உருண்டு புரண்டு கிடந்தது. எழுபதுகளில் ஒருமுறை போனபோது சக்கரத்தையும் காணவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தோணியிடம் கேட்டேன்.

"எங்கயும் போகல. கீழதான் கெடக்கு. மேலெல்லாம் பாசியும் சிப்பியும் மூடிருச்சு. பாரோட பாராயிருச்சு. இப்ப அங்கதான் நல்ல மீனு," என்றார். அவர்கள் அந்த இடத்துக்குக் 'கப்பல் பார்' என்று பேர் வைத்துவிட்டார்கள். தூண்டில் போடப் போகிறவர்கள் மற்றப் பார்களோடு அதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

மாமா மறுபடி கடல் பக்கம் வரவே இல்லை. ஆனால் அந்த ஆரக்கால் குடத்தில் இறங்கியிருந்த விதத்தை மட்டும் பட்டறை மண்ணில் குச்சியால் வரைந்து வரைந்து காட்டுவார். அத்தனை பயத்திலும் அதைப் பார்த்து வைத்திருக்கிறார்.

மடி

நாங்கள் கடலிலிருந்து திரும்பிய மறுநாள் காலையில் காதுகுத்து நடந்தது. மாமாவின் முகம் வெயிலில் வெந்து கருத்திருந்தது. கையில் துணி சுற்றியிருந்தார். கேட்டவர்களிடம் லாரி பஞ்சர் என்று சொல்லி வைத்தோம். தனம் அவர் மடியில் உட்கார்ந்து, அந்தத் துணியைப் பிரிக்கப் பார்த்தாள். ஆசாரி ஊசியை ஏற்றினார். பிள்ளை வீறிட்டது. பிள்ளையோடு சேர்ந்து மாமாவும் தேம்பித் தேம்பி அழுதார். தாய்மாமனுக்கு இவ்வளவு பாசமா என்று பந்தலில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, உங்கள் அம்மா அண்ணனின் துண்டை அலசப் போனாள். அலசின தண்ணீர் வாயில் தெறித்திருக்கும் போலிருக்கிறது. துண்டோடு வந்து எங்கள் முன்னால் நின்றாள்.

"பஞ்சர் ஒட்டின துண்டு இப்படியா கரிக்கும்?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னோம். சக்கரம், பார், அலை, துண்டு, கம்மல் எல்லாம். மாமா புளிச்சோற்றுக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அண்ணன் கையைப் பிடித்துத் துணியை அவிழ்த்து, கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கேட்டாள்.

"மழையே பெய்யலங்கிறீக. பெறகு தண்ணி எப்படி ஏறுச்சு?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார். திரும்பி வந்த வழியெல்லாம் லாரியில் அதைச் சொல்லிச் சிரித்த எங்கள் இரண்டு பேருக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.

அவள் புதுத் துணி கிழித்து, மஞ்சள் வைத்து, அண்ணன் கையைக் கட்டினாள்.

"எப்படியோ ஏறிட்டுப் போகுது. வத்திருச்சுல்ல," என்றாள். "அது போதும்."